வெந்நீரில் அலசிய சாத்துக்குடித் தோல்

“பழத்தோலிலிருந்து நொதி எடுத்துக் காட்டியது எங்கம்மாதான்” என்று இந்த வாகட் அடுக்குமாடி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மகன் சொல்கிறான். அது சரியல்ல. இன்று காலை மருமகள் சாத்துக்குடி பிழிந்தாள். தோலின் நெடி என் அறைக்குள் வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் நீ என்னிடம் ஒப்பந்த உதவியாளாக இருந்தபோது, கேம்ப் கடைத்தெருவின் ஜூஸ் கடைகளிலிருந்து கோணிப்பையில் தோல் கொண்டுவருவாய். அதைக் காயவைத்துப் பொடித்து, ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவுக்குத் தீனியாக வைப்போம். அது சுரக்கும் நொதி, தொழிற்சாலைகளில் கலங்கிய பழச்சாற்றைத் தெளியவைக்கும். கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய சுத்தம் எனக்கு. கடைத்தோலை வெந்நீரில் மூன்று முறை அலசினேன்.

“என்ன மேடம், சாமி பாத்திரமா கழுவுறீங்க? சத்தெல்லாம் மோரியில போவுது!” என்று சிரித்தாய்.

“எனக்குப் பாடம் எடுக்காதே. நோட்டுல எழுது.”

நீ சொன்னதுதான் உண்மை. தோலிலுள்ள பெக்டின் என்ற பசைச்சத்து இருந்தால்தான் பாக்டீரியா அந்த நொதியைச் சுரக்கும். அதை வடிகாலில் கொட்டியவள் நான். எந்தக் குடுவையிலும் நொதி வரவில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் நோட்டைப் பிரித்தார்.

“யாரோட கையெழுத்து இது? இதைத் தயார் பண்ணவங்களுக்குக் கவனமே இல்ல.”

நீ என்னைப் பார்த்தாய். நான் ஒரு குடுவையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். உன் ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை. நீ போனபின் அலசுவதை நிறுத்தினேன், நொதி வந்தது. “கவனமில்லாத கை போனதும் வேலை நடக்குது பாருங்க” என்றார் தலைவர். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. இப்போது இந்த ஒன்பதாவது மாடியிலிருந்தும் முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்தபின் மருமகள் கதவைப் பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். நீ குடியிருந்த ஏரவாடாவுக்குப் போகவேண்டும் என்றால், “எதுக்கு அத்தை? அங்க யார் இருக்கா?” என்கிறாள். அங்கே நீ இருந்தாய் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ ஆம்பூருக்குப் போய்விட்டதை, ஏரவாடாவிலிருந்து இங்கே சமைக்க வரும் பெண்தான் விசாரித்து, முகவரியும் வாங்கித் தந்தாள்.

தவறு என்னுடையது என்று தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மகனும் அதைப் படிப்பான். உன் பெயரைச் சொல்லி அனுப்பலாமா, கூடாதா? தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு.