சிவப்பு முனைக் கம்பி

பசியாவரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எப்சிபா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் நைனாவும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

ஓசூர் பட்டறையில் நீ வெல்டிங் செய்கிற வீடியோவை ஊர் முழுக்கக் காட்டினேன். இரண்டு கையும் வேலையாக இருக்க, அடுத்த கம்பியைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றாய். 'பாரும்மா, உன்ன மாதிரியே' என்று வேறு எழுதியிருந்தாய். நான் இடுப்பளவு தண்ணீரில், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வி, சேற்றில் இறால் தடவுவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு அர்ஜுனனும் பார்த்தான். அவனும் மீஞ்சூரில் வெல்டர் அல்லவா, முகமே மாறிவிட்டது. 'இன்னாக்கா இது, செவப்பு முனைக் கம்பியப் போய் வாய்ல வச்சினுகீது' என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் கம்பியில் தோரியம் என்று ஒன்று கலந்திருக்கிறதாம். கதிர்வீச்சு உள்ள பொருளாம். அது இருந்தால் நெருப்பு சட்டென்று பிடித்து ஆடாமல் நிற்குமாம். முன்பு நைனா படகில் வைத்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் பளிச்சென்று எரிந்ததும் அதனால்தானாம். கம்பியைக் கையில் பிடிப்பதில் பெரிய பயமில்லை, முனையைச் சாணை பிடிக்கும்போது பறக்கிற தூள்தான் ஆபத்து, உள்ளே போனால் நெஞ்சில் தங்கி வருஷக்கணக்கில் கெடுக்கும் என்றான். நீயோ சாணை பிடித்த சூட்டோடு அதை வாயில் வைக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இருமினாயே, அது பனியா தூளா என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவசரத்துக்கு என்று நீ கொடுத்த நம்பரில் உங்கள் சூப்பர்வைசர் சம்பந்தத்தைக் கூப்பிட்டேன். விளக்கில் இருந்த சாமான்தானம்மா, இதற்கெல்லாம் பயந்தால் தொழில் நடக்குமா என்று சிரித்தார். உங்கள் பெண் வாயில் வைத்தால் அதற்குக் கம்பெனியா பொறுப்பு என்றும் கேட்டார். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீயும் பார். உன் பின்னால் சாணைக்கல் பக்கமாக ஒருவர் போகிறார். மூக்கு, வாய் எல்லாம் மூடிப் பெரிய மாஸ்க். சட்டையில் சம்பந்தம் என்று பெயர் தெரிகிறது. அப்படியானால் அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும்! சும்மா கடந்து போகிறவருக்கு மாஸ்க், நாள் முழுக்கச் சாணை பிடிக்கிற என் பெண்ணுக்கு வெறும் முகமா?

நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. முகத்துவாரம் தூர்ந்து இறால் வரத்து இல்லாமல் அவரே நொந்து போயிருக்கிறார்.

தோரியம் இல்லாத நீல முனைக் கம்பி கடையில் கிடைக்கிறதாம், அதே வேலையைச் செய்யுமாம். அதைக் கேள். மாஸ்க் கேள். தூளை உறிஞ்சுகிற சாணை கேள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும்வரை பொறும்மா என்பாய், தெரியும். பறியைக் கவ்விக்கொண்டிருப்பவளால் பேச முடியாது. கரையில் நின்று வியாபாரி என்ன விலை சொன்னாலும் இருபத்தைந்து வருஷம் தலையை மட்டும் ஆட்டினேன். கரையேறிய பிறகும் அதே பழக்கம். அதை என்னிடமிருந்து நீ எடுத்துக்கொள்ளாதே.

கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். என் பெண் இந்தச் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று முழங்காலில் நின்று ஜெபித்தவள் நான். அந்த நானே சொல்கிறேன், பஸ் ஏறி வந்துவிடு.

கர்த்தர் உன் மூச்சைக் காப்பாராக.

உன் அம்மா,
எப்சிபா