எங்கள் நிக்காஹ்வில் எடுக்கப்படாத படம்

அனுப்புநர்:
ஹ. நஸீஹா,
க/பெ. சஃபீர்,
பள்ளிவாசல் தெரு, தொண்டி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு,
இராமநாதபுரம்.

பொருள்: கனடா குடும்ப விசா விண்ணப்பத்தில் எனக்குத் தெரியாமல் போலித் திருமணப் படம் சேர்க்கப்பட்டது – விசா மறுக்கப்பட்டது – மேல்முறையீட்டுக்குச் சாட்சி வாக்குமூலம் பெற இலவச சட்ட உதவி வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் தொண்டியில் என் தகப்பனார் ஹமீது சுல்தான் வீட்டில், மகள் யும்னாவுடன் வசித்து வருகிறேன். என் கணவர் சஃபீர் கனடாவில் எலக்ட்ரீசியன். அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். 2020 ஜனவரியில் விடுப்பில் வந்தபோது எங்கள் நிக்காஹ் நடந்தது. அவர் திரும்பிப் போனதும் கொரோனா வந்துவிட்டது. மகள் பிறந்து, நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் வந்து பார்க்க முடிந்தது.

2. எங்களை அங்கே அழைத்துக்கொள்ள, இராமநாதபுரத்தில் விசா ஆலோசனை அலுவலகம் நடத்தும் திரு. ஆதில் மூலம் சென்ற ஆண்டு விண்ணப்பித்தோம். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டின் நகல், திருமணப் பதிவுச் சான்று, மகளின் பிறப்புச் சான்று அனைத்தும் கொடுத்தேன். "மாப்பிள்ளையும் பொண்ணும் சேந்து நிக்கிற கல்யாணப் படம் எங்கம்மா?" என்று அவர் கேட்டார். அப்படி ஒரு படம் எடுக்கப்படவில்லை என்றேன். நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. நான் வீட்டில் பெண்களோடு இருந்தேன். என் தகப்பனாரும் சாட்சிகளும் வீட்டுக்கு வந்து என் சம்மதத்தைக் கேட்டுப் போனார்கள். பள்ளிவாசலில் எடுத்த படத்தில் அவர் இருக்கிறார், வீட்டில் எடுத்ததில் நான் இருக்கிறேன். எங்கள் தெருவில் பெரும்பாலான திருமணங்கள் இப்படித்தான் நடந்தன. இதை விளக்கி ஒரு கடிதம் வைத்தால் போதும் என்று நான் சொன்னதற்கு, "நான் பாத்துக்கிறேன்" என்றார்.

3. சென்ற மாதம் விசா மறுக்கப்பட்டது. விண்ணப்பத்தில் இருந்த திருமணப் படம் போலியானது என்றும், ஐந்து ஆண்டுகளுக்கு நான் விண்ணப்பிக்கக் கூடாது என்றும் உத்தரவில் கண்டுள்ளது. அதற்கு முன்பே படத்தைப் பற்றி விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அது திரு. ஆதிலின் மின்னஞ்சலுக்குப் போயுள்ளது. அவர் எங்களிடம் சொல்லவில்லை.

4. கோப்பின் நகலைப் பார்த்த என் கணவர் தொலைபேசியில் முதலில் கேட்டது, "இதுல என் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?" என்பதுதான். முகம் என்னுடையது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு மணப்பெண். "நீ குடுக்காம ஆதிலுக்கு இந்தப் படம் எப்புடி வந்துச்சு?" என்றும் கேட்டார். நான் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு சில நாட்கள் அவர் அழைக்கவில்லை. அழைத்தபோதும் மகள் சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். அந்தப் படத்தை என் தகப்பனாரும் பார்க்க நேர்ந்தது. எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

5. நான் நேரில் போய்க் கேட்டபோது திரு. ஆதில் மறுக்கவில்லை. "ஒங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். ஜோடிப் படம் இல்லாட்டி அவங்க நம்ப மாட்டாங்க" என்றார். இதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தா நான் கடையச் சாத்தணும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். இப்போது அந்தப் படத்தை நானே கொண்டுவந்து கொடுத்ததாக வெளியே சொல்லி வருகிறார்.

6. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய சமயத்தில், நயினார்கோவிலைச் சேர்ந்த சத்யப்பிரியா என்ற பெண் பேருந்து ஏறி என் வீட்டைத் தேடி வந்தார். அவரை எனக்கு முன்பின் தெரியாது. வாசலிலேயே நின்று, "அக்கா, ஒங்க படத்த ஒட்டுனது நான்தான். சாரு செய்யச் சொன்னாரு, செஞ்சேன். ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் செய்றாருன்னு நெனச்சேன்" என்றார். திரு. ஆதில் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தவர். என் மீது பழி போடப்படுவதைக் கேட்டு வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அங்கேயே என் கணவருக்கு அழைத்து, "அண்ணே, அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று அவர் சொன்ன பிறகுதான் என் கணவர் நம்பினார். நான் சொன்னபோது நம்பாதவர், முன்பின் அறியாதவர் சொன்னதும் நம்பினார். இதைக் குறையாக எழுதவில்லை. நடந்தது இது.

7. என் கணவர் கனடாவில் ஒரு வழக்கறிஞர் மூலம் மேல்முறையீடு செய்கிறார். கடைசி நாள் இம்மாதம் 20. மனுவைப் போட்டுவிடலாம், ஆனால் படம் எப்படி வந்தது என்பதற்கு இந்தியாவிலிருந்து சத்தியப்பிரமாண வாக்குமூலம் இல்லாவிட்டால் அது நிற்காது என்று அந்த வழக்கறிஞர் சொல்கிறார். இங்கே யாரிடம் போவது, எந்த முத்திரை வேண்டும் என்று விசாரித்து அலைந்து களைத்துவிட்டேன். சென்ற ஆண்டு மகளை எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஆசிரியை கேட்டபோது, சீக்கிரம் கனடா போய்விடுவோம் என்று சொன்னேன். இந்த வாரம் அவரே வழியில் நிறுத்தி, "இந்த வருசமாவது சேப்பீங்களாம்மா?" என்று கேட்டார். சேர்த்துவிட்டேன்.

8. பெண்களுக்கு வருமானம் பாராமல் தங்கள் ஆணைக்குழு சட்ட உதவி வழங்கும் என்று அறிந்து இம்மனுவை அளிக்கிறேன். எனக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தரவும், திரு. ஆதிலை விசாரணைக்கு அழைத்து அவர் என்னிடம் ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெறவும், எங்கள் ஊர் நிக்காஹ் நடைமுறை பற்றி ஜமாஅத் தரும் கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றளிக்க வழி செய்யவும் வேண்டுகிறேன்.

9. சத்யப்பிரியா வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறார். ஆனால் படத்தைச் செய்தவர் என்று அவர் மீதே வழக்கு வரும் என அவருடைய தகப்பனார் வீரையா பயப்படுகிறார். விவசாயக் கூலி வேலை செய்பவர். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே, சத்யப்பிரியாவுக்குத் தனியாக வேறொரு வழக்கறிஞரை முதலில் ஏற்பாடு செய்து, கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல வேண்டுகிறேன். அவருக்குக் கேடு வரும் என்றால், அந்த வாக்குமூலம் எனக்கு வேண்டாம். அது இல்லாமல் என் வழக்கை நடத்த முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள். முடியாதென்றாலும் தெரிவியுங்கள், நான் என் கணவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வரக் காத்திருக்கிறேன்.

இடம்: தொண்டி
நாள்: 11.06.2025

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) ஹ. நஸீஹா