எட்டாம் ஜோடியில் கேட்டது

நாள் 1. நிலைய நேரம் 07:20

இடம்: நிலவின் மறுபக்கம், அமைதிக்கூடம். ஆள்: ஒருவர். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. தண்ணீர் சரி. காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் சாம்பார் சாதம் என்று எழுதியிருந்தது. எழுத்தை நம்பிச் சாப்பிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் தவசிலிங்கம். வயது ஐம்பத்தாறு. ஊர் அருப்புக்கோட்டை. பத்தாம் வகுப்பு வரை படிப்பு, அதிலும் கணக்கில் இரண்டாம் தடவைதான் தேறினேன். முப்பது வருடம் மைக் செட் போட்டவன். நிலவில் இருப்பதால் விஞ்ஞானி என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

வேலை: காதுக்குள் செருகும் மானிட்டர் எட்டு ஜோடி. மேடையில் பாடுகிறவர்கள் காதில் செருகிக்கொண்டு தங்கள் குரலைத் தாங்களே கேட்கிற சாமான். எட்டையும் கேட்டு, எது எப்படி ஒலிக்கிறது என்று எழுதி, ஒன்று முதல் எட்டு வரை வரிசை போட வேண்டும். அதை ஏன் இங்கே வந்து செய்ய வேண்டும்? வெளியே காற்றே இல்லை. லாரி இல்லை, நாய் இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை. அதோடு விற்கிற பெட்டியின் மேல் ‘நிலவில் கேட்டுத் தேர்ந்தது’ என்று அச்சடிக்கலாம்.

என் மகள் குழலி அந்தக் கம்பெனியில் ஒலி இன்ஜினியர். "எங்கப்பா காது மாதிரி காது கெடையாது" என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டவள் அவள்தான். அவள் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அறுபதாம் நாள் வண்டி வந்து என்னைக் கூட்டிப்போகும். காற்று எழுபத்தொன்பது நாளுக்கு இருக்கிறது.

நாள் 4. 10:05

முதல் வரிசை அனுப்பினேன். குழலியிடமிருந்து வந்த பதில்:

"அப்பா, லிஸ்ட்டப் பாத்தேன். எது சத்தமா இருக்கோ அதத்தான் மொதல்ல போட்டுருக்கீங்க. கோயில் பொங்கலுக்கு செட்டு போடுறோம்னு நெனப்பா? எட்டையும் மீட்டர் வச்சு ஒரே அளவுக்கு எறக்குங்க, அப்பறம் கேளுங்க. ரப்பர் நல்லா உக்காந்துருக்கான்னும் பாருங்க. காதுல முடி வேற காடு மாதிரி கெடக்கும்."

மீட்டர் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கொஞ்சம் சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். என் முப்பது வருடத் தொழிலே அதில்தான் ஓடியது. வரிசையைக் கிழித்துப் போட்டேன். காதுமுடியையும் வெட்டினேன்.

நாள் 9. 11:30

ஒரே அளவில் வைத்துக் கேட்டது. சோதனைப் பாட்டு: நாதஸ்வரம், ஒரு பெண் குரல், மிருதங்கம்.

ஒன்றாம் ஜோடி: பேஸ் தூக்கல். கல்யாண மண்டபத்துக்கு வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நின்று கேட்பது போல இருக்கிறது. இரண்டு: மேல் சுருதி கூர்மை. ‘ச’ வருகிற இடமெல்லாம் விசில். அரை மணி நேரத்தில் தலைவலி வந்தது. மூன்று: வெதுவெதுப்பு, இனிப்பு. ஆனால் இல்லாததையும் சேர்த்துச் சொல்லும். மிருதங்கம் ஓய்ந்த பிறகும் உள்ளே ஏதோ தடதடத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் இப்படி ஒருத்தர் உண்டு, விபத்து நடந்த இடத்தில் இல்லாமலே சாட்சி சொல்வார். நான்கு, ஐந்து: அண்ணன் தம்பி, நடுக்குரல் மட்டும் முன்னால் நிற்கும். ஆறு: இடம் விசாலம், பாடுகிறவர்தான் எங்கேயோ தூரத்தில். ஏழு: நாதஸ்வரத்துக்கென்றே செய்தது போல.

எட்டு: இதற்கு ஒரு குணமும் சொல்லத் தெரியவில்லை. உப்புப் போடாத கஞ்சி. கடைசி இடம்.

நாள் 11. 09:00

கம்பெனி நிர்வாகி ரகோத்தமன் திங்கள்தோறும் பேசுவார். இன்றைய செய்தி:

"குட் மார்னிங் தவசிலிங்கம் சார். உங்க நோட்ஸ் பிரமாதம். செருப்பு விடுற இடம்னு எழுதியிருந்தீங்களே, ஆபீஸே சிரிச்சுது. ஃபைனல் ரேங்க் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் குடுத்துடுங்க."

என் எழுத்தைப் படித்து ஓர் ஆபீஸ் சிரித்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் அழுததுதான் எனக்குத் தெரியும்.

நாள் 18. 15:45

சோதனைப் பாட்டுகள் சலித்துவிட்டன. எனக்கு நன்றாகத் தெரிந்த குரலில் சோதிப்போம் என்று குழலியின் செய்திகளையே எட்டு ஜோடியிலும் ஓட்டினேன். பிறந்த அன்று அழுததிலிருந்து கேட்கிற குரல்.

முறை இதுதான்: பத்து விநாடித் துண்டு ஒன்றை எடுத்து, அதையே ஒவ்வொரு ஜோடியிலும் திரும்பத் திரும்பக் கேட்பது. ஒன்றில் குழலி பத்துக் கிலோ கூடிவிட்டாள். இரண்டில் சண்டை போடுகிறாள். மூன்றில் தாலாட்டுகிறாள், அது நடந்ததே இல்லை. எட்டில் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. நாற்காலி கிறீச்சிடுகிறது. ஏ.சி. ஓடுகிறது. வலது பக்கம் சுவர் இருக்கிறது, இடது பக்கம் திரை. அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

கஞ்சி என்று எழுதியதற்கு மன்னிப்பு. எட்டுக்கு முதலிடம். இன்னும் அனுப்பவில்லை, ஒரு மாதம் கேட்டுவிட்டுச் சொல்வோம்.

நாள் 25. 10:10

குழலி: "ஏழப் பத்தி அம்புட்டு எழுதுறீங்க. எட்டக் கஞ்சின்னதோட சரி, அப்பறம் ஒண்ணுமே காணோமேப்பா? சும்மாதான் கேக்குறேன்."

சும்மா கேட்கிற குரல் இல்லை. எட்டு அவள் செய்தது. யார் செய்தது எது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பது விதி. தெரியாதது போலவே இருக்கிறேன். இன்று முழுக்க அறைக்குள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். இங்கே எடை குறைவு, அதனால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

நாள் 32. 10:20

குழலி: "அப்பா, நல்லாருக்கீங்களா? வண்டி அறுவதாம் நாள் டாண்ணு வந்துரும். அதப் பத்தி நெனைக்காதீங்க. வரிசைய முடிச்சு அனுப்பிட்டீங்கன்னா அக்கடான்னு இருக்கலாம்."

‘நல்லாருக்கீங்களா’வுக்குப் பிறகு ஓர் இடைவெளி. வழக்கம் போல எட்டு ஜோடியிலும் ஓட்டினேன். ஒன்றில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மூன்றில் தடதடப்பு. ஐந்தில் துணி உரசுகிற மாதிரி. எட்டில் அது பேச்சு. ஓர் ஆண் குரல், அவளுக்குப் பின்னால், வலது சுவர் பக்கம், வாயைக் கையால் மூடிக்கொண்டு:

"தேதியச் சொல்லு. கேன்சல் ஆனது வாய்ல வந்துடக் கூடாது. ரேங்க் வர்ற வரைக்கும்."

திங்கள்தோறும் குட் மார்னிங் சொல்கிற குரல்.

நாள் 32. 17:50

என் காதுதான் பழுதென்று வைத்து எல்லாம் செய்து பார்த்தேன். காற்றாடியை நிறுத்தினேன். ரப்பரை மாற்றினேன். இடதை வலதிலும் வலதை இடதிலும் செருகினேன். குரல் இடது பக்கத்துக்குப் போனது. சொன்னது மாறவில்லை.

ஒருமுறை பாலவநத்தம் பொதுக்கூட்டத்துக்குச் செட் போட்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த தலைவர் பின்னால் திரும்பி, "இது என்ன ஊருய்யா?" என்று செயலாளரிடம் கேட்டார். நாலு தெருக் குழாயிலும் கேட்டது. பின்னால் நின்று பேசினால் மைக்குக்குத் தெரியாது என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள்.

நாள் 34. 12:00

நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவார்கள். ஆகவே எழுதினேன்: "சோதனைக்குப் புதுச் சத்தம் வேண்டும். என்னைக் கூட்டிப்போக வரும் வண்டி தயாராகிற இடத்தில் இன்று ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பவும்."

நாள் 36. 10:00

அனுப்பிவிட்டார்கள். உடன் குழலியின் குறிப்பு: "நேத்து நானே போயி எடுத்தேன்ப்பா. அந்த வெயில்ல. வந்து எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரணும்."

எட்டில் கேட்டேன். காற்று. காக்கா. இரும்பு மேல் இரும்பு. நாற்பத்தோராவது விநாடியில், தூரத்தில், குழலியின் குரல்: "அப்பா, ஹெல்மெட்ட நேரா மாட்டுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அது என்னை ஏற்றி அனுப்பிய அன்று எடுத்தது.

நாள் 37. 08:15

அழுத்தம் சரி. மின்சாரம் சரி. எனக்குத்தான் கொஞ்சம் சரியில்லை.

யோசித்துப் பார்த்தால், பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் ஆள் நிற்கிறான். சொல் என்கிறான், சொல்கிறாள். பழைய பதிவை அனுப்பென்றால் அனுப்புகிறாள். வேண்டுமென்றேதான் தன் குரல் இருக்கிற பதிவாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். அப்பாவுக்குப் புரியட்டும் என்று. அப்படித்தான் இருக்க வேண்டும். படித்த பிள்ளை.

நாள் 46. 09:00

ரகோத்தமன்: "சார், ரேங்க் என்னாச்சு? கம்பெனி கை மாறப்போகுது. வாங்குறவங்க உங்க லிஸ்டுக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க. நிலவுல கேட்ட காதுன்னு உங்க பேரைப் போடப்போறோம்."

வரிசை கையில் இருக்கும்வரை என்னிடம் பேசுவார்கள். கொடுத்துவிட்டால் அவர்களுக்கு என்னிடம் என்ன பேச்சு? "காதில் சளி, கேட்க முடியவில்லை" என்று பதில் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட அனுபவம் உதவியது.

நாள் 60. 18:00

வண்டி வரவில்லை.

முகம் மழித்து, சட்டை மாற்றி, கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தும்தான் உட்கார்ந்திருந்தேன். காற்று இன்னும் பத்தொன்பது நாளுக்கு.

குடும்பச் செய்திக்கென்று தனிப்பாதை ஒன்று உண்டு. பூமி முனையில் குழலியின் கடவுச்சொல் போட்டால்தான் திறக்கும், மூடும்; கம்பெனிக்கு அதில் கை இல்லை. இத்தனை நாள் பிறந்தநாள் வாழ்த்து வாங்க மட்டும் வைத்திருந்தோம். அதில் அனுப்பினேன்: "குழலி, அந்த ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசு. உன்மேல் கோபம் இல்லை. வண்டி உண்டா, இல்லையா? ஒரு சொல் போதும். இல்லையென்றால் ஊருக்கெல்லாம் சொல்லு, யாராவது வருவார்கள்."

நாள் 62. 11:25

தனிப்பாதையில் பதில் வந்தது:

"அப்பா, நான் மட்டுந்தான் இருக்கேன். கதவச் சாத்திட்டேன். யாரும் இல்ல. வண்டி நேத்தே கெளம்பிருச்சுப்பா, சின்ன ரிப்பேர், அதான் லேட்டு. நாளக் கழிச்சு வந்துரும். நீங்க வரிசைய இன்னைக்கே அனுப்பிருங்க. எட்டப் பத்தி மனசுல என்ன இருக்கோ அப்படியே எழுதுங்க. எம்மேல நம்பிக்க இருக்குல்ல?"

வண்டி கிளம்பினால் அதன் அடையாள ஒலி நிமிடத்துக்கொரு தரம் என் ரேடியோவில் விழ வேண்டும். நேற்றிலிருந்து ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஒன்றும் விழவில்லை.

எட்டாம் ஜோடியைச் செருகிக்கொண்டு அந்த ஆளைத் தேடினேன். ஏ.சி. நிறுத்தியிருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. வலது பக்கம் சுவர் மட்டும். ஒரே ஒரு மூச்சு. அது அவசரமில்லாமல், நடுங்காமல், ஒழுங்காக வருகிறது.

நாள் 62. 14:00

வரிசை அனுப்பினேன். 8, 7, 4, 5, 6, 2, 1, 3.

மாற்றி எழுதலாம் என்று கை போனது. எட்டைக் கடைசியில் போட்டால் போதும், அவள் செய்தது குப்பைக்குப் போகும். மாற்றவில்லை. பொருள் நன்றாக இருக்கிறது. கேட்டதைத்தானே எழுத முடியும்?

14:03 கம்பெனி: "பெறப்பட்டது. நன்றி."

14:14 தனிப்பாதை மூடப்பட்டது. மறுமுனையிலிருந்து. கடவுச்சொல் போட்டு.

நாள் 67. 13:30

வண்டி இல்லை. அடையாள ஒலி இல்லை. திங்கட்கிழமை குட் மார்னிங்கும் இல்லை. பொட்டலத்தில் இன்றும் சாம்பார் சாதம் என்று எழுதியிருக்கிறது.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. யார் மேல் போடுவது? ரகோத்தமன் யாரோ. முகம்கூட நினைவில்லை.

நாள் 68. 16:40

காற்றழுத்த மீட்டர் பார்க்கவில்லை.

அவளுடைய கடைசிச் செய்தியை எட்டில் முப்பது நாற்பது தடவை கேட்டாயிற்று. எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம் அல்லவா, காகிதம் நகர்கிறதா என்று கேட்டேன். நகரவில்லை. கதவுக்கு அப்பால் யாராவது நிற்கலாம் அல்லவா, தரை அதிர்கிறதா என்று கேட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் அந்த அறையில் என் மகள் மட்டும்தான் இருக்கிறாள்.

மற்ற ஏழிலும் ஓட்டினேன். மூன்றாம் ஜோடியில், ‘நான் மட்டுந்தான் இருக்கேன்’ என்கிற இடத்துக்குப் பின்னால், ஒரு தடதடப்பு. மூன்று எப்போதும் அப்படித்தான், இல்லாததைச் சேர்க்கும். நானே எழுதியிருக்கிறேன். தெரியும்.

எட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். கண்டெடுப்பவர் எடுத்துக்கொள்ளலாம், நல்ல சாமான்.

இனி மூன்றில்தான் கேட்கப்போகிறேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால், அவளுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆள் நிற்கிற மாதிரியே இருக்கிறது. தோளில் கை வைத்து, சொல்லு சொல்லு என்று அவளை நெருக்குகிறான்.