கம்பு வேரில் இருந்தது

அக்கா,

இன்று காலை நம் மேட்டுக்கொல்லைக்கு விவசாய ஆபீஸர் வந்திருந்தார். வரும் ஆடிக்கு அங்கே வேர்க்கடலை போடலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். முன்பு அங்கே கடலை தேறாததையும் சொன்னேன். ஆள் உயரம் நின்ற கம்பில் ஒன்றைப் பிடுங்கி, வேரை உதறி என் கையில் கொடுத்தார். ஈரச் செம்மண் வாசனை. வேர் வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது.

“பாக்க நல்லாத்தாம்மா இருக்கும். வேர்ல வைரஸ் ஒளிஞ்சிகினு இருக்கும். கம்புக்கு ஒண்ணும் ஆவாது. அதே எடத்துல கடலை போட்டா அத குட்டையாக்கிடும்” என்றார்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார்.

நீங்கள் அண்ணனுக்கும் நான் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருந்த காலம் அது. எல்லையில் சண்டை நடந்த வருஷங்கள். ரேஷன் அரிசி போதாமல் கூழ்தான் குடித்தோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திருத்தணி மலை ஏறி இறங்கிய கையோடு நம் பக்கம் கடலை விதைப்பு. ஏர் பின்னால் முதல் கொட்டை உங்கள் கையால்தான் விழவேண்டும். கைராசிக்காரி என்று தெருவில் நாலு வீட்டார் உங்களை அழைத்துப் போவார்கள். எனக்குப் பொறாமை. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்.

ஒரு வருஷம் கொல்லை நடுவே வட்டமாக ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையாய்க் குட்டையாக நின்றது. பிடுங்கினால் காய் இல்லை. மண் அலுத்துவிட்டது, ஒரு போகம் கம்பு போட்டால் தேறிவிடும் என்றவள் நான்தான். கம்பும் ஜோராக வந்தது. அடுத்த ஆடியில் மறுபடி நீங்கள் கொட்டை போட்டீர்கள். திட்டு முன்னைவிடப் பெரிதானது.

களத்தில் அத்தனை பெண்கள் நடுவில் நான் சொன்னேன்: “மண்ணுல கோளாறு இல்ல. கம்பு எப்டி வந்துச்சு, பாத்தீங்க இல்ல? அக்கா கைதான் சரியில்ல.”

நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டீர்கள். “ஆங், இருக்கும்” என்றீர்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் உங்களை விதை போடக் கூப்பிடவில்லை.

மறு வருஷம் முதல் கொட்டை நான் போட்டேன். அதே இடத்தில் அதே குட்டைச் செடிகள். யார் கண்ணிலும் படுவதற்குள் காலையில் போய் எல்லாவற்றையும் பிடுங்கி, மாட்டுக்குப் போடுவதுபோல் கட்டிவிட்டேன். கட்டைத் தூக்க முடியாமல் தடுமாறும்போது நீங்கள் எதிரே வந்து நின்றீர்கள். செடிகளைப் பார்த்தீர்கள். ஒரு கை கொடுத்து என் தலையில் ஏற்றிவிட்டு, “சீக்கிரம் போம்மா, ஆளுங்க வந்துகினு இருக்காங்க” என்றீர்கள்.

அந்தக் கொல்லையில் அப்புறம் நாம் கம்போடு நிறுத்திக்கொண்டோம். நீங்கள் காய்ச்சலில் போகும்வரை இன்னும் மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். “உங்க கையில ஒண்ணும் இல்லக்கா” என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. வைரஸ் என்ற பேர் இன்றுதான் தெரிந்தது. உங்கள்மேல் தப்பில்லை என்பது அந்தக் காலையிலேயே தெரியும்.

இப்போது ஊரில் கைராசிக்காரி நான்தான், அக்கா. விதைப்புக்குக் கூப்பிடுகிறார்கள். நானும் போய் முதல் கொட்டை போட்டுவிட்டு வருகிறேன்.