டக்கென்று கேட்கும் சுவிட்சு

முராத்,

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். ஓரான் துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து விடியலில் வந்து படுத்த உங்களை எழுப்ப மனம் வரவில்லை. ஷொர்பா சூப்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மதியம் எலக்ட்ரீஷியன் லார்பி வருவார். சுவிட்சுகள் பையில் இருக்கின்றன.

நாம் சேர்ந்திருப்பதே வெள்ளிக்கிழமை ஒருநாள்தான். அன்றைக்கும் இந்தச் சுவிட்சுக்காகச் சண்டை. "பக்கத்து வீட்டுக்கே கேக்கும் போலிருக்கே! சத்தமில்லாத சுவிட்சு கடையில இல்லையாக்கும்?" என்றீர்கள். இருந்தது. கடைக்காரர் அதைத்தான் முதலில் காட்டினார். "எனக்கு டக்குன்னு கேக்கணும்" என்று நான்தான் இதை வாங்கினேன்.

நீங்கள் வரும்போது நான் தூங்குகிறேன். நீங்கள் எழுவதற்குள் போய்விடுகிறேன். அரைத்தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால், வந்துவிட்டீர்கள் என்று தெரியும்.

ஸுலைகா

பி.கு.: மற்ற அறைகளுக்கு உங்களுக்குப் பிடித்ததையே மாட்டச் சொல்லுங்கள். வாசல் விளக்குக்கு மட்டும் இது இருக்கட்டும்.