வராண்டாவில் ஒன்பதாம் வகுப்பு

ஜூலை 8, திங்கள்

எட்டரைக்கு மணி அடித்ததும் கதவைச் சாத்தினேன். தாமதமாக வந்தால் பீரியட் முடியும்வரை வராண்டா. பதினோரு வருடமாக என் சட்டம். சுரங்கத்தின் ஷிப்ட் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்ட தொழிலாளர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பேன்? ஒன்பதாம் வகுப்பில் மணிமொழிதான் தினமும் அங்கே நிற்கிறாள்.

பிரெஞ்சுப் புரட்சி தொடங்கினேன். உப்பு வரி, ரொட்டிப் பஞ்சம், யார் பேச்சையும் கேட்காத அரசன். காரணங்களை ஒன்று, இரண்டு என்று போர்டில் எழுதினேன். நன்றாக நடத்தியதாக எனக்கே தோன்றியது.

ஜூலை 9

மணிமொழியின் அப்பா அய்யாசாமி வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அவள் வரும் டவுன் பஸ், ஷிப்ட் பஸ் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறதாம். அதற்கு முந்தைய பஸ் ஆறு மணிக்கு.

"வெளிய நிக்கத்தான் வருதுன்னா வூட்டோட இருக்கட்டுங்க சார். நிறுத்திடறேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றேன். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பள்ளி ஐந்து நிமிட நடை என்பது நினைவுக்கு வரவில்லையா? வந்தது. சொல்லவில்லை. இந்த வாரம் மட்டும் பார்க்கலாம் என்று போனார்.

ஜூலை 10

மலர்விழியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லும் மனைவியா அவள்? கிரீடம் ஒன்றுதான் உங்களுக்குக் குறைச்சல் என்றாள்.

ஜூலை 11

பாரிஸ் பெண்கள் மழையில் அரண்மனைக்கு நடந்த கதை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து மணிமொழியின் குரல்:

"ராசா முன்னாடியே கதவத் தொறந்திருந்தா, சார்?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நாளை சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 12

வகுப்பில் ஒருவரும் இல்லை. முப்பத்தெட்டு பேரும் பையோடு வராண்டாவில். லீடர் நிலவன் முன்னால் வந்தான்.

"அவ வர்ற வரைக்கும் நாங்களும் லேட்டுதாங்க சார்."

கோபம் வந்ததா? வந்தது. ஆனால் சிரிப்பு அதற்கு முன்னால் வந்துவிட்டது — காரணங்களை எழுதிப்போட்டவன் நான்தானே. எட்டே முக்காலுக்கு மணிமொழி ஓடிவந்து, கூட்டத்தைப் பார்த்துப் பயந்து நின்றாள். கதவை நானே திறந்தேன்.

ஜூலை 15

முதல் இருபது நிமிடம் செய்தித்தாள் வாசிப்பு, அப்புறம் பாடம். கதவு சாத்துவதில்லை. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. அய்யாசாமிக்கு போன் செய்தேன். "சரிங்க சார், அனுப்பறேன்" என்றார்.

ஆகஸ்ட் 6

வண்டி பஞ்சர். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே மணிமொழி சாக்பீஸும் கையுமாகப் புரட்சியின் விளைவுகளை நடத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க சார்."

பீரியட் முடியட்டும் என்று வராண்டாவிலேயே நின்றுகொண்டேன். சந்தோஷமாக இருந்தது. அவள் குரல் நன்றாகக் கேட்டது. அங்கிருந்து பாதி போர்டுதான் தெரிகிறது. பதினோரு வருடம் எனக்கு அது தெரியாது.