ஆறடிப் பாம்பும் பூங்காத் தோட்டத்துப் பூட்டும்

அனுப்புநர்:
மோட்டார் மாமா என்று அழைக்கப்படுபவர்,
தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பதில் முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம்,
பூங்காவின் வடக்கு வாசலுக்கு நேர் எதிரே உள்ள மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பள்ளியும் நகராட்சியும் கூட்டாக வளர்த்துவரும் பூங்காத் தோட்டத்தைப் பாம்பைக் காரணம் காட்டிப் பூட்டி வைத்திருத்தல் – இதில் உள்நோக்கம் இருப்பதாகச் சந்தேகம் – உடனே திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இம்மாதம் 3ஆம் தேதி நான் கொடுத்த மனு (பச்சை மையில் எழுதியது).
2. இம்மாதம் 9ஆம் தேதி நான் கொடுத்த, வாளி பற்றிய அவசரப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று தோட்டத் திறப்பு விழா அன்றே நான் சொன்னேன். பள்ளிக்கூடமும் நகராட்சியும் சேர்ந்து ஒரு மண்வெட்டியைப் பிடித்தால் நடுவில் மூன்றாவதாக ஒரு கை வரும் என்றேன். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். அந்த ஏழாம் வகுப்பையும் இரண்டு முறை படித்ததால், அதில் எனக்குள்ள ஆழம் பட்டதாரிகளுக்கே கிடையாது. ஆகவே இம்மனுவைச் சாதாரண ஆள் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. தோட்டத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். குப்பை கொட்டிக் கிடந்த வடக்கு மூலையை நகராட்சி கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் பாத்தி கட்டினார்கள். தக்காளி, கத்தரி, பூசணி, ஓரமாக வண்ணத்துப்பூச்சி வருகிற பூச்செடிகள். இலைச் சருகையும் பள்ளிச் சாப்பாட்டு அறையின் மிச்சத்தையும் மக்க வைத்து அவர்களே உரம் செய்கிறார்கள். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். இதற்கெல்லாம் தலைமை அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை. அவர் என் கூடப் பிறந்த அக்காவின் மகள். அந்தத் தொட்டிக்கு மோட்டார் பூட்டிக் கொடுத்தவன் நான். நான் தொடுவதற்கு முன்னால் அந்த மோட்டார் இருமிக்கொண்டிருந்தது. தொட்ட பிறகு பாடுகிறது. விழாவில் பதினோரு பேருக்கு நன்றி சொன்னார்கள். என் பெயர் விட்டுப்போனது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

3. சென்ற மாதம் 24ஆம் தேதி காலை, மோட்டாரைப் பார்க்கப் போன நான், தொட்டிக்குப் பின்னால் ஆறடி நீளமுள்ள பாம்பு ஒன்றைக் கண்டு, சற்றும் பதறாமல், வெறும் கையால் கழுத்தைப் பிடித்து, சாக்கில் போட்டு, ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தேன். இதைத் தம்பட்டம் அடித்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் நான்கு பேரிடம் மட்டும் சொன்னேன். பக்கத்துப் பெஞ்சில் பூங்கா மேற்பார்வையாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாதி டீயை வைத்துவிட்டுப் போகிற மனிதனை நான் எப்போதுமே சந்தேகப்படுவேன்.

4. அன்று மதியமே தோட்டத்தின் கம்பி வாசலில் புதுப் பூட்டு தொங்கியது. "பாம்பு நடமாட்டம். மாணவர்கள் நுழையத் தடை" என்று பலகையும் வந்துவிட்டது. ஐயா, எங்கள் தெருக்குழாய்க்கு ஒரு வாஷர் போட நகராட்சிக்கு நான்கு மாதம் ஆனது. பூட்டுக்கு நான்கு மணி நேரம். இந்த வேகம் எங்கிருந்து வந்தது? பூட்டு முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருந்ததா? விசாரிக்க வேண்டுகிறேன்.

5. பூங்காவுக்கு எதிரே உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவருக்கு வண்டி நிறுத்த இடமில்லை என்பது ஊரறிந்தது. பூட்டு விழுந்த மூன்றாம் நாள் அவர் வாசலில் நின்றுகொண்டு தோட்டத்தையே பார்த்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். தக்காளியை யாரும் ஐந்து நிமிடம் பார்ப்பதில்லை. தோட்டத்துக்குள் சுண்ணாம்பால் கோடுகள் வேறு போடப்பட்டிருந்தன. வண்டி நிறுத்தத்தான் கோடு என்று பார்த்த உடனே கண்டுபிடித்தேன். அக்கா மகளோ, "மாமா, அது பூட்டுக்கு முன்னாடியே மழைத்தண்ணி போக வாய்க்கா வெட்ட புள்ளைங்க போட்ட கோடு. நான்தான் போடச் சொன்னேன்" என்கிறாள். அவள் நல்ல பெண். உலகம் தெரியாது.

6. ஒப்பந்தப்படி இம்மாதம் 18ஆம் தேதி ஆய்வு. செடிகளில் முக்கால் பங்கு உயிரோடு இருந்தால் இடம் மேலும் மூன்று ஆண்டுக்குப் பள்ளிக்கு. இல்லையென்றால் இடம் "வேறு பொதுப் பயன்பாட்டுக்கு". அந்த "வேறு" என்ற சொல்லைத் தாங்கள் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். பூட்டு விழுந்து இன்றோடு இருபத்தொரு நாள் ஆகிறது. மோட்டார் போடக்கூட ஆள் உள்ளே போகக் கூடாது. என் மாடியிலிருந்து பார்த்தால் பூசணி இலைகள் குடை மடக்கியது போல் தொங்குகின்றன.

7. பாம்பு பிடிப்பவர்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் வெறுங்கையோடு போனார்கள். நான்தான் பிடித்துவிட்டேனே, எப்படிக் கிடைக்கும்? இதை 9ஆம் தேதி தங்கள் அலுவலகத்தில், தபால் வாங்கும் எழுத்தரிடம் விளக்கினேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "பாம்பு கெடைக்கலைன்னா அது உள்ளதான் இருக்குன்னு அர்த்தம் சார். ஃபைல மூட முடியாது." ஊருக்கு வெளியே விட்டேன் என்றேன். "எந்த எடத்துல விட்டீங்க? அந்த எல்லைக்கு எந்த ஆபீஸோ அவங்ககிட்ட பாம்பு வந்து சேந்ததுன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க." வேறு வழியே இல்லையா என்றேன். "இருக்கு. பாத்தவரே பாம்பு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அன்னைக்கே பூட்டத் தொறந்துடலாம்." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

8. அதே நாளில்தான் வாளி விவகாரமும். ஆறாம் தேதியிலிருந்து தினமும் விடியற்காலையில் மேற்பார்வையாளர் பூட்டைத் திறந்து உள்ளே போவதை மாடியிலிருந்து பார்த்துவந்தேன். கையில் மூடி போட்ட வாளி. போகும்போது சுமையாக, வரும்போது காலியாக. செடிக்கு ஏதோ மருந்து ஊற்றிச் சாகடிக்கிறார் என்று எனக்குப் பொறி தட்டியது. தடை செய்த இடத்துக்குள் இவர் மட்டும் எப்படிப் போகலாம் என்று பார்வை 2இல் கண்ட புகாரைக் கொடுத்தேன். என் எழுத்தின் வேகம், மூன்றே நாளில் அவருக்கு மெமோ போயிருக்கிறது.

9. ஐயா, இதுவரை காலையில் எழுதியது. இனி மதியத்துக்குப் பிறகு எழுதுவது.

சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, வாளியப் பத்தி எழுதிக் கொடுத்தது நீங்கதானே?" என்றாள். ஆமாம், ஊரில் வேறு யாருக்கு அந்தக் கூர்மை என்றேன். "அதுல தண்ணி மாமா. வெறும் தண்ணி. புள்ளைங்க செடி செத்துடக் கூடாதுன்னு அவரு வீட்டுலேருந்து சுமந்துட்டு வந்து ஊத்தினாரு. மெமோ வந்தப்புறம் அதுவும் நின்னுபோச்சு. விதிய மீறினாருன்னு இப்ப வேலைக்கே பிரச்சன. பதினெட்டாந்தேதி வரைக்கும் எந்தச் செடி நிக்குமோ தெரியல."

காலியாக வருகிற எல்லா வாளியும் மருந்து வாளி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீரில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

அவள் போகவில்லை. நின்றபடியே கேட்டாள்: "மாமா, அந்தப் பாம்பு என்ன நெறம்?"

பழுப்பு என்றேன்.

"போன வாரம் கருப்புன்னீங்க. நீளம்?"

ஏழடி என்றேன். சொன்ன பிறகுதான் இதே மேசைமேல் கிடந்த இந்த மனுவின் மூன்றாம் பத்தி நினைவுக்கு வந்தது. அவள் அதைப் படித்துக்கொண்டுதான் இருந்தாள். திட்டவில்லை. "சாப்பிடுங்க, ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சின்ன வயதில் என் கதைகளுக்கு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

10. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) தோட்டத்தின் பூட்டை இன்றே திறக்க உத்தரவிட வேண்டும். மோட்டாரை நானே வந்து போடுகிறேன். ராத்திரி பகல் பார்க்க மாட்டேன், ஊதியமும் வேண்டாம்.

ஆ) பூங்கா மேற்பார்வையாளருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். பாம்பு என்று காதில் விழுந்த நிமிடமே, பிள்ளைகள் பாதுகாப்புக்காகப் பாதி டீயை வைத்துவிட்டு ஓடினவர் அவர். விதியையும் காப்பாற்றினார், விதிக்குத் தெரியாமல் செடியையும் காப்பாற்றினார். வாளி பற்றிய என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இ) இருபத்தொரு நாள் தண்ணீர் தடைபட்டதில் பள்ளியின் தவறு எதுவும் இல்லை. ஆய்வை இன்னும் மூன்று வாரம் தள்ளிவைக்க வேண்டும்.

ஈ) உடற்பயிற்சிக்கூடக்காரர் தோட்டத்தை ஐந்து நிமிடம் பார்த்த விஷயத்தில் என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தனியாக வைத்துக்கொள்ளவும்.

11. தங்கள் எழுத்தர் கேட்ட எழுத்து கீழே உள்ளது. இதைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் மட்டும் படித்துக் காட்ட வேண்டாம்.

சென்ற மாதம் 24ஆம் தேதி காலை டீக்கடையில் மேற்படி உடற்பயிற்சிக்கூடக்காரர் என்னைப் பார்த்து, "என்ன மாமா, தோட்டத்துல உங்க வேலை என்ன, புள்ளைங்களுக்குக் கொழா புடிச்சு விட்டதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கொழாய் இல்லையப்பா, பாம்பு பிடித்தேன் என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. அடி அடியாக நீளம் கேட்டார்கள், நானும் கொடுத்தேன். நான் தொட்டிக்குப் பின்னால் போனது உண்மை. அங்கே ஒரு பழைய சாக்கு கிடந்ததும் உண்மை. பாம்பு இல்லை. அந்தத் தோட்டத்தில் நான் எந்த நாளும் எந்த நீளத்திலும் எந்த நிறத்திலும் பாம்பைப் பார்த்ததில்லை. அது நானாகச் சொன்னது.

இதை யாரும் மிரட்டி வாங்கவில்லை. கை நடுக்கம் இல்லாமல் எழுதியிருக்கிறேன் என்பதைக் கையெழுத்தே சொல்லும்.

நாள்: இம்மாதம் 14, மாலை. அலுவலகம் மூடுவதற்குள் நேரில் கொடுக்கப்படுகிறது.
இடம்: பூங்காவுக்கு எதிர் மாடி.

செடிகளுக்காகக் காத்திருக்கும்,
பாம்பைப் பார்த்ததாகச் சொன்னவர்
(கையொப்பம்)